சாவியும் யாவேயும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருச்சியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் குழுவுக்கு மெக்சிகோ வாடிக்கையாளர்கள் வந்ததிலிருந்து, எட்டு மாதமாக ஸ்பானிய மொழி படிக்கிறேன். இணையவழி வகுப்புதான். தினமும் 40 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று வரும். மறுநாள் ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தும் விடுகிறேன். அடுத்த வாரம் பாதி மறந்துவிடுகிறது. 'அல்மொஆதா' (தலையணை) என்ற சொல்லை எத்தனை முறை எழுதிப் பார்த்தேனோ, இன்றுவரை மனத்தில் நிற்கவில்லை.

சொல்லின் வேரைப் பிடித்தால் சொல் மறக்காது என்று நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு நானும் தேட ஆரம்பித்தேன். சில நேரம் உதவுகிறது. சில நேரம் ஒரே சொல்லின் கதையில் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. "லத்தீனே தெரியாத நமக்கு வேர் எதற்கு? ஆங்கிலத்தை வைத்துச் சமாளித்துக்கொள்" என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். இதற்கிடையில் ஸ்பானியத்தில் உள்ள தமிழ்ச் சொற்கள் என்று வாட்ஸாப்பில் ஒரு பட்டியல் வந்தது. நம் 'வா' அங்கேயும் இருக்கிறதாம். உண்மையா? வேர் வழியாகப் படிப்பது நிஜமாகவே பயன் தருமா? நவம்பரில் எனக்கு பி1 என்னும் இடைநிலைத் தேர்வு.

அன்புடன்,
ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

பயன் தரும். ஆனால் நீங்கள் இப்போது போகும் வழியில் தராது. சொல்லுக்கு ஒரு கதை என்று தேடினால், 40 சொற்களின் சுமையோடு 40 கதைகளின் சுமையும் சேர்ந்துவிடும். நான் சொல்ல வந்தது ஒலி மாறிய வழியை. லத்தீன் மொழி மக்கள் வாயில் பல நூற்றாண்டு புழங்கிப் புழங்கி ஸ்பானியமானது. அப்போது சில ஒலிகள் ஓர் ஒழுங்கோடு மாறின. முக்கியமான மாற்றங்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். அவற்றைத் தெரிந்துகொண்டால், புதிதாக வரும் சொல்லைப் பார்த்ததுமே அது எந்த வீட்டுப் பிள்ளை என்று முகச்சாயல் சொல்லிவிடும்.

லத்தீன் தெரியாது என்று உங்கள் நண்பர்கள் சொல்வதை நான் ஒப்பவில்லை. தமிழ்நாட்டுப் பள்ளியில் வேதியியல் படித்த எல்லோருக்கும் கொஞ்சம் லத்தீன் தெரியும். தனிம அட்டவணையை நினைத்துப் பாருங்கள். தங்கம் ஆரம், செம்பு குப்ரம், ஈயம் பிளம்பம், வெள்ளீயம் ஸ்டானம், இரும்பு ஃபெர்ரம். இனி இவற்றின் ஸ்பானியப் பெயர்கள்: ஓரோ, கோப்ரே, ப்ளோமோ, எஸ்தான்யோ, யெர்ரோ. முதல் மூன்றையும் விளக்கவே வேண்டாம். பின்னிரண்டில்தான் விஷயம் இருக்கிறது.

ஸ்டானம் ஏன் எஸ்தான்யோ ஆனது? நம் ஊரில் பாட்டிமார் 'இஸ்கூலு', 'இஸ்டேசனு' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சொல்லின் தொடக்கத்தில் 'ஸ்'ஸோடு இன்னொரு மெய் ஒட்டி வந்தால் தமிழ் நாக்கு முன்னால் ஓர் உயிரைச் சேர்த்துக்கொள்ளும். ஸ்பானிய நாக்கும் அப்படித்தான். பள்ளி எஸ்குவேலா, நிலையம் எஸ்தசியோன், மாணவர் எஸ்துதியாந்தே, நட்சத்திரம் எஸ்த்ரேயா. நம்மில் பாட்டியின் வாயோடு நின்றுவிட்ட வழக்கம் அங்கே அகராதியிலேயே ஏறியிருக்கிறது. 'எஸ்' என்று தொடங்கி அடுத்து மெய் வரும் சொல்லைக் கண்டால், அந்த எகரத்தை எடுத்துவிட்டுப் படியுங்கள். பாதிச் சொற்கள் தாமாகவே பொருளைச் சொல்லிவிடும்.

அடுத்தது ஃபெர்ரம் யெர்ரோவான கதை. இதற்குப் பெங்களூர் போய் வந்தவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம் போதும். நம் பால் கன்னடத்தில் ஹாலு. புலி ஹுலி, பூ ஹூவு, பத்து ஹத்து. சொல்லின் தொடக்கத்தில் இருந்த பகரம் அங்கே ஹகரமானது. லத்தீனின் 'ஃப'வும் ஸ்பானியத்தில் இதே போல் ஹகரமாகி, பிறகு அந்த ஹகரமும் தேய்ந்து, இன்று எழுத்தில் மட்டும் 'ஹெச்' ஆக நிற்கிறது. உச்சரிப்பில்லாத அந்த எழுத்து சொல்லின் முதலில் நிற்கக் கண்டால், அந்த இடத்தில் 'ஃப' வைத்துப் பாருங்கள். ஓர்மிகா என்றால் எறும்பு. 'ஃப' வைத்தால் ஃபோர்மிகா. எறும்பிலிருந்து எடுத்ததால் ஃபார்மிக் அமிலம் என்று படித்தோமே, அந்த எறும்புதான் இது. ஓஹா என்றால் இலை, லத்தீனில் ஃபோலியா. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையின் பெயரிலும் இந்த இலை இருக்கிறது, முதலில் கீரை இலையிலிருந்து பிரித்தெடுத்த பொருள் என்பதால். மாவு அரினா, புகை ஊமோ, மகன் இஹோ: ஃபரினா, ஃபூமுஸ், ஃபிலியுஸ். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். முட்டைக்கு உவேவோ, எலும்புக்கு உவேசோ என்ற சொற்களிலும் அந்த ஊமை எழுத்து உண்டு. அது வேரிலிருந்து வந்ததில்லை. பழைய எழுத்து முறையில் 'உ'வுக்கும் 'வ'வுக்கும் ஒரே வடிவம் இருந்ததால், உயிராகவே படிக்க வேண்டும் என்று காட்டுவதற்காக முன்னால் போட்ட அடையாளம்.

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இனி வருவது. இரவு லத்தீனில் நோக்தெம், பால் லாக்தெம், எட்டு ஒக்தோ. ஸ்பானியத்தில் நோச்சே, லேச்சே, ஓச்சோ. 'க்த' எப்படி 'ச்ச' ஆகும்? பக்கத்து வீடான போர்த்துக்கேயத்தைப் பார்த்தால் நடுவழி தெரிகிறது. அங்கே நோய்த்தே, லெய்த்தே, ஒய்த்து. அதாவது ககரம் முதலில் யகரமாக இளகியது. அந்த யகரம் பின்னால் வந்த தகரத்தைத் தன் பக்கம் இழுத்துச் சகரமாக்கியது. போர்த்துக்கேயம் பாதி வழியில் நின்றது, ஸ்பானியம் கடைசி வரை போனது. இப்போது நீங்கள் வீட்டில் பேசும் தமிழைக் கவனியுங்கள். 'வைத்து' என்று எழுதுகிறோம், 'வச்சு' என்று பேசுகிறோம். 'படித்தேன்' நம் வாயில் 'படிச்சேன்'. 'சிரித்தாள்', 'சிரிச்சா'. இகரமோ ஐகாரமோ முன்னால் நிற்க, தகரம் சகரமாகிறது. நோய்த்தே நோச்சே ஆனதும் வைத்து வச்சு ஆனதும் ஒரே உடற்கூற்றின் வேலை. தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள், மனித நாக்கு ஒன்றுதான். இதை முதன்முதலாக உணர்ந்த நாளில் நான் 'ச்ச' வரும் ஸ்பானியச் சொற்களையெல்லாம் எடுத்து வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். கூரை தேச்சோ; தெக்தும். செய்தது எச்சோ; ஃபக்தும். கடைசிச் சொல்லில் இரண்டு விதிகளும் சேர்ந்து நிற்பதைப் பாருங்கள்.

இங்கே உங்களுக்கு ஒரு கேள்வி வரும். புகை ஊமோ என்றால் புகைபிடிப்பது ஏன் ஃபுமார்? இரும்பு யெர்ரோ என்றால் ரயில் பாதை ஏன் ஃபெர்ரோகாரில்? விடை நம் பள்ளி இலக்கணத்தில் இருக்கிறது. பங்கஜம் என்று வடமொழிச் சொல்லை உருமாறாமல் எடுத்தால் தற்சமம், பங்கயம் என்று தமிழ் நாக்குக்கு ஏற்ப மாற்றினால் தற்பவம் என்று படித்தோம். ஸ்பானியத்துக்கும் இந்த இரண்டு வாசல்கள் உண்டு. தாய் வழியாக வாய்மொழியில் வந்தவை தேய்ந்து உருமாறின. பிற்காலத்தில் புத்தகத்திலிருந்து கற்றவர்கள் எடுத்தவை உருமாறாமல் நின்றன. இரவு நோச்சே, இரவுக்குரியது நொக்தூர்னோ. பால் லேச்சே, பால் சார்ந்தது லாக்தேயோ. மகன் இஹோ, மகனுக்குரியது ஃபிலியால். இப்படி இரட்டை இரட்டையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று மற்றொன்றை நினைவில் பிடித்துக்கொள்ளும்.

ஆங்கிலம் போதும் என்ற யோசனைக்கும் பதில் இதில்தான். ஆங்கிலம் லத்தீனிலிருந்து எடுத்தவற்றில் பெரும்பங்கு இந்தப் புத்தகவழிச் சொற்கள். ஆகவே அலுவலகத்து ஸ்பானியத்துக்கு, அறிக்கை, திட்டம், சாத்தியம், தகவல் போன்றவற்றுக்கு, ஆங்கிலம் நன்றாகவே உதவும். பால், இரவு, இலை, சாவி, எறும்பு என்று வீட்டுக்குள் வந்ததும் கைவிட்டுவிடும். உங்கள் பட்டியலில் மறந்துபோகும் பாதியைப் பிரித்துப் பாருங்கள். அநேகமாக எல்லாம் வீட்டுச் சொற்களாகவே இருக்கும்.

வீட்டுச் சொற்களுக்குத் தமிழில் வேறொரு உதவி காத்திருக்கிறது. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கிய பிறகு, போர்த்துக்கேயர் கொண்டுவந்த பொருள்களோடு பெயர்களும் நம் மொழிக்குள் வந்தன. போர்த்துக்கேயமும் ஸ்பானியமும் உடன்பிறப்புகள். அதனால் நம் மேசை அங்கே மேசா, அலமாரி ஆர்மாரியோ, பொத்தான் போத்தோன், கோப்பை கோபா, பாதிரி பாத்ரே. ஈழத்தமிழர்கள் இன்னும் கொடுத்துவைத்தவர்கள். அவர்கள் காலில் போடும் சப்பாத்து சபாத்தோ, தின்னும் பாண் பான், துடைக்கும் துவாய் தோவாயா, உட்காரும் வாங்கு பாங்கோ.

இந்த வரிசையில் சாவிக்குத் தனி இடம் கொடுப்பேன். போர்த்துக்கேயத்தில் சாவே, ஸ்பானியத்தில் யாவே. கேட்கத் தொடர்பில்லாதவை போலிருக்கும் இரண்டுக்கும் தாய் ஒன்று: லத்தீனின் கிளாவிஸ். சொல்லின் முதலில் நின்ற க்ள, ப்ள, ஃப்ள மூன்றும் பல சொற்களில் போர்த்துக்கேயத்தில் சகரமாயின, ஸ்பானியத்தில் யகரமாயின. (எழுத்தில் இரட்டை எல் போடுவார்கள்.) மழைக்கு ப்ளூவியா, ஸ்பானியத்தில் யூவியா. நிறைந்தது ப்ளேனுஸ், யேனோ. தீச்சுடர் ஃப்ளாமா, யாமா. கூவி அழைப்பது கிளாமாரே, யமார். முதல் வகுப்பில் 'மே யாமோ' என்று சொல்லித்தானே உங்கள் பெயரைச் சொன்னீர்கள்? 'என்னை இப்படி அழைத்துக்கொள்கிறேன்' என்பது அதன் பொருள். நம் வீட்டுச் சாவிக்கொத்தில் தொங்கும் ஒரு சொல் இத்தனை கதவுகளைத் திறக்கும்.

ஜன்னல் மட்டும் திறக்காது. அது போர்த்துக்கேயத்தின் ஜனேலா. ஸ்பானியர் வெந்தானா என்கிறார்கள். காற்றுக்கு லத்தீனில் வெந்துஸ்; காற்று வரும் வழி வெந்தானா. இதைப் படித்தபோது எனக்குச் சிலப்பதிகாரத்தின் 'மான்கண் காலதர் மாளிகை' நினைவுக்கு வந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஜன்னல் வருவதற்கு முன்னால் நாமும் அதைக் காற்றின் வழியாகத்தான் பார்த்திருக்கிறோம். அதற்குப் பிறகு வெந்தானா எனக்கு மறந்ததே இல்லை.

இனி அரபு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறேன், உங்கள் ஊரும் காவிரிக்கரை என்பதால். நான் ஸ்பெயினின் வலென்சியாவில் மூன்று ஆண்டு இருந்தேன். அங்கே வியாழக்கிழமை நண்பகலில் தேவாலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் நீர் நீதிமன்றம் கூடும். வாய்க்கால் பாசனக்காரர்கள் தேர்ந்தெடுத்த எட்டுப் பேர் கறுப்பு மேலாடையோடு வட்டமாக உட்காருவார்கள். யார் முறை தவறித் தண்ணீர் எடுத்தார், யார் மதகை அடைத்தார் என்பது வழக்கு. எல்லாம் வாய்ப்பேச்சு, தீர்ப்பு அங்கேயே. 2009-இல் யுனெஸ்கோ இதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவர்கள் பேசுவது வலென்சிய மொழி. ஆனாலும் பக்கத்தில் நின்ற ஒரு முதிய விவசாயி எனக்கு ஸ்பானியத்தில் விளக்கிக்கொண்டே வந்தபோது ஒன்று உறைத்தது. மழை யூவியா, ஆறு ரியோ, ஊற்று ஃபுவேந்தே: எல்லாம் லத்தீன். வாய்க்கால் அசேகியா, தடுப்பணை அசூத், நீரிறைக்கும் சக்கரம் நோரியா, நிலத்தடித் தொட்டி அல்ஹீபே, நீர் தேக்கும் தொட்டி அல்பேர்கா: எல்லாம் அரபு. பெரும்பாலும் தானாக வந்த தண்ணீருக்கு லத்தீன் பெயர், மனிதன் திருப்பிவிட்ட தண்ணீருக்கு அரபுப் பெயர். 711-இல் அரபு மொழியோடு ஸ்பெயினுக்குள் வந்தவர்கள் நிலத்தோடு என்ன செய்தார்கள் என்று அந்தச் சொற்களே சாட்சி சொல்கின்றன. உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓடும் ஊர்க்காரரான உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். உங்கள் மெக்சிகோக்காரர்கள் அல்பேர்கா என்று சொன்னால் நீச்சல் குளத்தைச் சொல்கிறார்கள். ஸ்பெயினில் அதற்குப் பிசீனா என்பார்கள், லத்தீனில் மீன் குளம்.

அரபுச் சொற்கள் பலவும் 'அல்' என்ற முன்னொட்டோடு சேர்ந்தே வந்தன. சில மெய்களுக்கு முன்னால் அந்த லகரம் கரைந்துவிடும். அல்-ஜைத் என்பது அஜ்-ஜைத் ஆகும். அதுதான் எண்ணெய்க்கு அசெய்த்தே. அஜ்-ஜைத்தூனா, அசெய்த்தூனா, ஆலிவ் காய். ஜைத்தூன் எண்ணெய் என்று நம் கடைகளில் விற்கும் பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டும் நினைவுக்கு வரும். திவான் அங்கே அதுவானா ஆகிச் சுங்கச்சாவடியைக் குறிக்கிறார், காஜி அல்கால்தே ஆகி நகரத் தலைவராக இருக்கிறார். 'ஓஹலா' என்று சொன்னால் 'அப்படி நடக்கட்டும்' என்ற ஏக்கம். அதற்குள் இருப்பது 'அல்லாஹ் நாடினால்'. ஆனால் 'அல்' கண்ட இடமெல்லாம் அரபு என்று முடிவுகட்ட வேண்டாம். உயிர் என்ற பொருளில் வரும் ஆல்மா, லத்தீனின் அனிமா.

வாட்ஸாப் பட்டியலுக்கு வருகிறேன். ஸ்பானியத்தின் 'வா' நம் வா இல்லை. அது லத்தீனின் வாதெரே என்ற வினையிலிருந்து வந்தது, பொருள் 'போகிறான்'. நேர் எதிர். உருவம் ஒத்துப்போவது ஒன்றையும் நிறுவாது. ஸ்பானியத்தின் மூச்சோவும் ஆங்கிலத்தின் மச்சும் ஒரே பொருள், ஒரே ஓசை, உறவே கிடையாது. மூச்சோ முல்துஸிலிருந்து வந்தது, மச் ஜெர்மானியச் சொல். தீயாவும் டேயும் அதே மாதிரிதான், நாள் என்று ஒரே பொருள் இருந்தாலும் வேர் வேறு. 1611-இல் கொவாருபியாஸ் என்ற பேரறிஞர் ஸ்பானிய மொழிக்கு ஒரு பெரிய அகராதி செய்தார். அவரே ஓசை ஒற்றுமையை நம்பிப் பல சொற்களுக்கு எபிரேய வேர் சொல்லித் தவறினார். நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உண்மையான தொடர்பு இருக்கிறது, அது குறைவு: மாங்காய் மாங்கோ, கட்டுமரம் கத்தமரான். சர்க்கரையும் அசூகாரும் ஒரே வடசொல்லின் இரு பயணங்கள். நாரத்தையையும் நரன்ஹாவையும் (ஆரஞ்சு) சேர்த்துப் பார்க்கும் அறிஞர்கள் உண்டு. இருக்கிற இந்தச் சில உறவுகளே போதிய பெருமை. பொய்யான ஐம்பதைச் சேர்த்தால் உண்மையான நான்கையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

வேர் பொருளைக் காட்டிக்கொடுக்காத இடங்களும் உண்டு. எக்சிதோ என்றால், ஆங்கிலத்தின் எக்சிட் போல வெளியேறும் வழி என்று பொருளல்ல, வெற்றி என்று பொருள். பேனாவை நினைத்துக்கொண்டு ஸ்பானியத்தின் பேனாவைத் தொட்டால் அங்கே துக்கம் என்று பொருள். நம் பேனா இறகிலிருந்து வந்தது, அது தண்டனையைக் குறித்த இன்னொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உலோகப் பட்டியலிலும் வெள்ளியை நான் வேண்டுமென்றே விட்டிருந்தேன். அர்ஜென்டம் என்ற பெயர் ஒரு நாட்டின் பெயரில் இருக்கிறது, ஆனால் ஸ்பானியர் வெள்ளியைப் ப்ளாத்தா என்கிறார்கள், தட்டையான தகடு என்ற பொருளிலிருந்து. ஆகவே பொருளை வாக்கியத்திலிருந்து எடுங்கள், வேரை அதை நிறுத்திக்கொள்ள மட்டும் பயன்படுத்துங்கள்.

தேர்வுக்கு இரண்டே யோசனைகள். வாசிப்பிலோ பேச்சிலோ இரண்டு முறை எதிர்ப்பட்ட சொல்லுக்கு மட்டும் வேர் பாருங்கள். ஸ்பானிய அரச அகாதெமியின் அகராதி இணையத்தில் இலவசம். பதிவின் தொடக்கத்திலேயே ஒரு வரியில் வேர் இருக்கும், அந்த ஒரு வரியோடு மூடிவிடுங்கள். அடுத்து, நோட்டில் அகர வரிசையை விட்டுவிட்டு ஒலி மாற்றத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். 'ச்ச' பக்கம், 'ஊமை எழுத்து' பக்கம், 'யாவே' பக்கம். நவம்பருக்குள் ஒவ்வொரு பக்கமும் தானாக நிறையும். ஆண்பால், பெண்பால் குழப்பத்திலும் இது கொஞ்சம் கைகொடுக்கும்: ப்ரொப்லேமா, சிஸ்தேமா, தேமா, க்ளீமா எல்லாம் ஆகாரத்தில் முடிந்தும் ஆண்பாலாக நிற்பதற்குக் காரணம், அவை கிரேக்கத்திலிருந்து வந்த 'மா' ஈற்றுச் சொற்கள்.

கடைசியாக உங்கள் அல்மொஆதா. அரபில் அல்-மிஹத்தா. ஹத் என்றால் கன்னம். கன்னத்தை வைப்பதற்கான பொருள். நாம் தலைக்கு அணை என்று பெயர் வைத்தோம், அவர்கள் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார்கள். இன்றிரவு படுக்கும்போது கன்னத்தைத் தலையணையில் வைத்து ஒரு முறை சொல்லிப் பாருங்கள்.

அன்புடன்.